கால் மணிக்கு ஒருமுறை

அத்தியாயம் பத்தொன்பது

தையல்காரியைத் திட்டி ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. "புருஷன் போனில் அவனுக்குத் தெரியாமல் கைவைக்க இவள் யார்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு மாதிரி போனை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஆளோடு ஏழு வருடம் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டுக் கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும்.

விட்ட இடத்தை ஞாபகப்படுத்திவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் குளிர்கிடங்கின் மூன்றாம் அறையில் அம்மோனியாக் குழாய் வெடித்தது. அப்போது உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன் சுண்டு, தையல்காரியின் ஒரே தம்பி. பிறந்தபோது சுண்டுவிரல் கனம்தான் இருந்தான் என்று வைத்த பெயர். இப்போது ஆறடி. ஆஸ்பத்திரிக் கட்டில் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொண்டைக்குள் ஒரு குழாய். அவனுக்காக மெஷின் மூச்சு விடுகிறது.

அந்தக் கிடங்கின் மெக்கானிக், தையல்காரியின் கணவன். மச்சானுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டிலிருந்தபடியே ட்யூட்டி பார்ப்பான். வாயு கசிந்தால் கிடங்கிலுள்ள சென்சார் அவனுக்கு மெயில் அனுப்பும். அவன் உடனே கேட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும், வாட்ச்மேன் யாரையும் உள்ளே விடமாட்டார். அன்றைக்கு மெயில் போயிருக்கிறது. மெக்கானிக் கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று தையல்காரி மூன்று நாளாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவன் போனில் இருக்கும் மெயில் ஆப், வந்ததும் கொண்டுவந்து கொட்டுகிற ரகம் அல்ல. கம்பெனியின் பழைய ஏற்பாட்டில் அதுவேதான் போய், ஏதாவது வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்து எடுத்து வர வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கலாம். கால் மணி, அரை மணி, ஒரு மணி. கால் மணிக்குக் கீழே அது இறங்கி வராது, பேட்டரி தீர்ந்துவிடுமாம். ட்யூட்டி ஆட்கள் கால் மணியில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. சனிக்கிழமை காலை, மெக்கானிக் குளிக்கப் போன நேரம் பார்த்து, தையல்காரி அதை ஒரு மணியாக்கிவிட்டாள். ஒரு வேளைச் சாப்பாடாவது நிம்மதியாக நடக்கட்டும் என்று.

இனி புதன்கிழமை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலிகளை வரிசையாகத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்கள். நாலாவது நாற்காலியின் முதுகு உடைந்திருந்தது. அதில் யாரும் உட்காராததால் அங்கே தையல்காரியின் அம்மா சுண்டுவின் பூட்ஸை வைத்திருந்தாள். பனிக்குத் தாங்குகிற கனத்த பூட்ஸ். நர்ஸ் கழற்றிக் கொடுத்ததிலிருந்து அதைவிட்டு அவள் அசையவில்லை.

"மாப்பிள்ளை, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பசிக்கலை அத்தை."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க." அம்மா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "அவன் அங்க வேலைக்குப் போறேன்னப்ப எனக்கு உள்ளூர பயம்தான். வாயு கீயுன்னு சொல்றாங்களேடான்னேன். மாமா இருக்கார்மா, மாமா இருக்கார்மான்னு சொல்லிச் சொல்லி என் வாயை அடைச்சுட்டான்."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்திக்காட்டத் தெரிந்த பெண்மணியும் அல்ல. ஆனாலும் மெக்கானிக் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில், வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்டர் வந்தார். அம்மா, தையல்காரி, கோடியில் நின்ற மெக்கானிக், மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"நுரையீரல் நல்லா வெந்து போயிருக்கு. இன்னும் ரெண்டு நாள் போகட்டும். பார்க்கலாம்."

இந்த டாக்டர் கையிருப்பில் இருப்பது அந்த ஒரே வார்த்தைதான். திங்கட்கிழமையும் பார்க்கலாம், செவ்வாய்க்கிழமையும் பார்க்கலாம். கெட்டிக்காரர், பின்னால் யாரும் அவரைப் பிடித்துக் கேட்க முடியாது.

அவர் போன வழியிலேயே கிடங்கின் மேனேஜர் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. தொண்டையில் குழாயோடு கிடக்கிறவனுக்கு ஆரஞ்சு வாங்கி வர ஒரு மனசு வேண்டும். அம்மா அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தைரியமா இருங்கம்மா. கம்பெனி உங்க பக்கம்தான்." அவர் கண் அம்மாவைத் தாண்டி மெக்கானிக்கைத் தேடியது. "ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

இருவரும் ஜன்னலோரம் போனார்கள். தையல்காரி எழுந்து பின்னாலேயே போனாள். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. போகச் சொல்லவும் முடியவில்லை.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன். சென்சார் தன் வேலையைச் செஞ்சிருக்கு. குழாய் வெடிக்கறதுக்கு அரை மணிக்கும் முன்னாடியே மெயில் போயிருக்கு. உங்க போன் கால் மணிக்கு ஒருக்கா பார்க்கணும். அப்படின்னா எப்படியும் உங்களுக்கு நேரத்துக்கு வந்திருக்கணும். நீங்க கூப்பிடலை. ஏன்?"

மெக்கானிக் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, செட்டிங் சரியில்ல, மெயில் லேட்டா வந்துச்சு. அப்படின்னா கவனக்குறைவு. வேலைதான் போகும், வேற ஒண்ணுமில்ல. இன்னொண்ணு, மெயிலைப் பார்த்துட்டு சும்மா இருந்தீங்க. அப்படின்னா விஷயம் என் கையில இல்ல, போலீஸ்தான். உள்ள படுத்திருக்கற பையனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." மேனேஜர் மிச்சத்தை விட்டுவிட்டார்.

"சைரன் இருந்திருந்தா இவ்வளவும் வந்திருக்காது சார்." மெக்கானிக் ஜன்னலை விட்டுத் திரும்பினான். "தொட்டதுக்கெல்லாம் கத்துது, பக்கத்துல இருக்கறவங்க சண்டைக்கு வர்றாங்கன்னு சைரனைக் கழட்டச் சொன்னது யாரு?"

"யாரு சொன்னது? எழுத்துல இருக்கா?"

இல்லை. மேனேஜர் அதை வாயால்தான் சொன்னார். ஸ்குரூவைக் கழற்றியது மெக்கானிக்கின் கை.

"மூணு மணிக்கு போனை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்க. கம்ப்யூட்டர் ஆள் வந்து பார்ப்பார்." மேனேஜர் தையல்காரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். முகத்தில் வருத்தம் சரியான அளவில் இருந்தது.

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செட்டிங் சரியில்லை என்றால் வேலைதான் போகும். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான் என்றால் போலீஸ். செட்டிங்கை மாற்றிய விரல் இதோ இருக்கிறது, அவள் கையிலேயே. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். சொன்ன பிறகு அவள் எங்கே போய் நிற்பாள்? தம்பியைச் சாகக் கொடுத்தவள் என்று அம்மா பார்க்கும் பார்வையை எப்படித் தாங்குவாள்? வேலையையும் பறித்து மானத்தையும் வாங்கியவளோடு இவன் எப்படி இனிக் குடும்பம் நடத்துவான்?

மூன்று நாளாக அவள் தூங்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அது தீரவே இல்லை. ஆனால் மறுபடி தண்ணீர்க் குழாயடிக்குப் போய், டம்ளரைக் கையில் பிடித்தபடி குடிக்காமலே நின்ற அவன் முதுகைப் பார்த்ததும், அவள் கணக்குப் போடுவதை விட்டுவிட்டாள்.

"இப்படி வாங்க" என்று மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனாள்.

லிப்ட் இருப்பதால் படியில் நடமாட்டம் குறைவு. அவன் ஒரு படியில் உட்கார்ந்தான். அவள் அவனுக்கு மேற்படியில், முகம் தெரியாதபடி உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கற வரைக்கும் திரும்பிப் பார்க்காதீங்க."

"சொல்லு."

"உங்க போன் ஒரு மணிக்கு ஒருக்காதான் மெயில் பார்த்துச்சு. நான்தான் மாத்தினேன். சனிக்கிழமை, நீங்க குளிக்கப் போனப்ப. ஒரு வேளை நிம்மதியா சாப்பிடட்டும்னுதான் செஞ்சேன், சத்தியமா வேற எதுவும் நினைக்கலை. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் தம்பியை நான்தான்..."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ மாத்தினது. அன்னிக்கு சாயங்காலமே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு?"

"திரும்பவும் கால் மணிக்கே மாத்திட்டேன். உன்கிட்ட சொன்னா சண்டை வரும். அதனால சொல்லலை. சத்தத்தை மட்டும் நிறுத்தி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். போன் கத்தாம இருக்குன்னு நீயும் சந்தோஷமா இருந்தே. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவன் சொன்னது அவள் மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும், மறைக்காமல் சொல்கிறேன், அவளுக்கு வந்தது சந்தோஷம். நான் இல்லை, நான் செய்யவில்லை என்று. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்து போனது. தம்பி அந்தப் பக்கம் மெஷினோடு கிடக்கும்போது வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான். வந்துவிட்டதே, என்ன செய்வாள்?

அது வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அப்ப அந்த மெயில்?"

"வந்துச்சு."

"எப்ப வந்துச்சு?"

"சாப்பிட்டுட்டு இருந்தப்ப. தொடையில அதிர்ந்துச்சு. நீ உள்ள தண்ணி எடுக்கப் போயிருந்தே. மேசைக்கு அடியில வெச்சு மேல் வரியை மட்டும் பார்த்தேன். மூணாம் ரூம், வாயுன்னு போட்டிருந்துச்சு."

அவனாகவே சொன்னான்.

"அது சும்மா சும்மா வரும். கதவைத் திறந்து ஈரம் பட்டா வரும், தரையைக் கழுவினா வரும். ஒரு நாளைக்குப் பத்து வரும். போன வாரம் மட்டும் எத்தனை தடவை சோத்துல கையை வெச்சுட்டு எழுந்து ஓடினேன், நீயே பார்த்தேல்ல? ஒண்ணுமே இருக்காது. இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். நீ தண்ணிச் சொம்போட வந்தே. சிரிச்சுக்கிட்டே வந்தே. நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு? இப்ப போனை எடுத்தா அது போயிடும்னு... சாப்பிட்டு முடிச்சுட்டுக் கூப்பிட்டுக்கலாம்னு பாக்கெட்ல வெச்சுட்டேன்."

"சுண்டு அந்த ஷிப்ட்ல இருக்கான்னு தெரியுமா?"

"தெரியும்."

துடைப்பக் கம்போடு ஒரு பெண் படியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் சிரிப்பை எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்றாள் தையல்காரி. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "நான் சிரிச்சேன்னு என் தம்பியை விட்டுட்டீங்களா? இனிமே நான் எப்படிங்க சிரிப்பேன்?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஏழு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. அவன் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

"மேனேஜர் சொன்னது கேட்டேல்ல? செட்டிங்னா வேலையோட போயிடும்."

"அதுக்கு?"

"நீ மாத்தினது நிஜம்தானே. அது அப்படியே இருந்திருந்தா..." மேலே சொல்ல அவனுக்கே கூசியது. போனை மட்டும் நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. எழுந்து படியேறி வராந்தாவுக்குப் போனாள். அங்கே அம்மா ஆரஞ்சுப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரே மகன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். மருமகனைப் போலீஸ் கூட்டிப் போயிற்று, பிள்ளையை இப்படியாக்கியது அவன்தான் என்று இன்று மாலையே கேள்விப்பட்டால் இந்த உடம்பு தாங்குமா?

தையல்காரி திரும்பி வந்து போனை வாங்கினாள்.

ஏன் வாங்கினாள் என்று என்னைத் திட்டி எழுதாதீர்கள். அவனை மன்னித்து வாங்கவில்லை. அம்மாவுக்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கென்னவோ, மூன்று நாளாக அந்தப் பழியோடு பழகிப்போய்விட்டாள், புதிதாக இன்னொன்றோடு பழக அவளுக்குத் தெம்பில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆப்பைத் திறந்தாள். கால் மணிக்கு நேராக இருந்த புள்ளியை ஒரு மணிக்கு நகர்த்தினாள். சனிக்கிழமை செய்த அதே காரியம்தான். அன்று அவன் பார்க்கவில்லை. இன்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குக் கிடங்குக்குப் போனார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

கேட்டுக்கு நேர் மேலே, மாடியில் ஆபீஸ். வாயு நெடி இன்னும் முழுசாகப் போகாததால் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. வாசலுக்கு மேல் சுவரில் சைரன் இருந்த இடத்தில் நாலு ஸ்குரூ ஓட்டைகள் மட்டும் இருந்தன. மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனான்.

கம்ப்யூட்டர் ஆள் சின்னப் பையன் மாதிரி இருந்தார். போனை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம்னு இருக்கு சார்."

"எப்ப எந்த மெயிலை எடுத்துச்சுன்னு பார்க்க முடியுமா?"

"இந்தப் பழைய ஆப்ல அதெல்லாம் பதிவாகாது."

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்தார். "கால் மணின்னு சொல்லியிருந்தோமே?"

மெக்கானிக்கின் வாய் திறந்தது. தையல்காரி முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார் மாத்தினேன். சனிக்கிழமை. அவருக்குத் தெரியாது."

சொன்னதில் முதல் இரண்டும் நிஜம். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நிஜத்தைச் சொல்கிறவளின் குரல்தான் அது. மேனேஜரின் முகம் பளிச்சென்று ஆயிற்று. மனுஷன் உடனே அதை மறைத்துக்கொண்டார் என்றாலும் தையல்காரி பார்த்துவிட்டாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? படிச்சவங்கதானே?" என்றார் மேனேஜர். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப இது கம்பெனி விஷயம் இல்ல. வீட்டு விஷயம்."

"சைரன் இல்லாததும் வீட்டு விஷயமா சார்?"

"சைரன் எதுக்கும்மா? மெயில்தான் ஒழுங்கா போயிருக்கே. அதை வாங்க வேண்டிய போனை நீங்க தூங்கப் போட்டுட்டீங்க. யார் கேட்டாலும் நாங்க இதைத்தானே சொல்ல முடியும்?"

"அப்ப சுண்டுவுக்கு?"

"மனிதாபிமான அடிப்படையில ஏதாவது முடியுமான்னு மேல கேட்டுச் சொல்றேன். பார்க்கலாம்."

அப்போதுதான் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கணவனை இழுத்து வெளியே போட்டிருக்கிறாள், சரி. அதே கையால் சைரனைக் கழற்றச் சொன்னவனையும் வெளியே விட்டுவிட்டாள். மிச்சமிருப்பது கட்டிலில் கிடக்கும் சுண்டு மட்டும்தான். அவனுக்கு ஆனதற்கு இனி அவனுடைய அக்காவைத் தவிர யாரும் பொறுப்பில்லை.

படியிறங்கும்போது அவள் கால் தடுமாறியது. மெக்கானிக் பிடிக்கக் கை நீட்டினான். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். வயசானவர். மூன்று நாளாக இவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தவர், இன்று தானாகவே எதிரில் வந்தார்.

"பையன் எப்படிம்மா இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கான்."

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "யாரும் என்கிட்ட எதுவும் கேக்கலை. வாயைத் திறக்காதேன்னும் மேல சொல்லிட்டாங்க. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. சுண்டு அன்னிக்கு நேரா உள்ள போகலைம்மா."

"என்ன சொல்றீங்க?"

"கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி இங்க வந்தான். அண்ணே, லேசா நெடி வருதுண்ணே, எப்பவும் வர்றதா வேறயான்னு தெரியலைன்னான். மெக்கானிக் சாருக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டான்."

"ஏன்?" இது மெக்கானிக்.

"ஞாயித்துக்கிழமை, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடற நேரம், கெடுக்க வேண்டாம்னான். இந்தப் போனால அக்காவும் மாமாவும் பேசிக்கறதே இல்லண்ணே, இன்னிக்காவது நிம்மதியா சாப்பிடட்டும்னான். நிஜமாவே ஏதாவது இருந்தா மெஷினே மாமாவுக்கு மெயில் போட்டுடும், அவர் போன் கால் மணிக்கு ஒருக்கா பார்க்கும், அவரே கூப்பிடுவார்னு சொல்லிட்டு, இதோ இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்தான்."

தையல்காரி அந்த ஸ்டூலைப் பார்த்தாள். இரும்பு ஸ்டூல், ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது.

"கால் மணி போதாது, சேர்த்தே உட்காருவோம்னு இருபது நிமிஷம் உட்கார்ந்தான். என்னோட ஏதோ சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கிட்டு, இந்தப் போனையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கிட்டான். மாமா கூப்பிடலை, அப்ப ஒண்ணுமில்லண்ணே, நான் போறேன்னுட்டு உள்ள போனான்."

கிடங்குக்குள் ஏதோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. வாட்ச்மேனுக்குத் தாங்கவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டார்.

"கால் மணின்னுதானே சார் வெச்சிருந்தீங்க? அவன் சொன்னது தப்பா?"

"ஒரு மணி" என்றாள் தையல்காரி. மாடியில் சொன்ன அதே குரல் வரவில்லை. "நான் மாத்திட்டேன். அவனுக்குத் தெரியாது."

"அடடா." வாட்ச்மேன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா ஒரு மணி நேரமும் இங்கயே உட்கார்ந்திருப்பானேம்மா. எழுந்திருச்சே இருக்க மாட்டானே."

பதில் மெக்கானிக்கிடம் இருந்தது.

"இல்ல" என்றான் அவன். "அவன் சொன்னதுதான் சரி. கால் மணிதான். மெயில் வந்துச்சு. நான் பார்த்தேன்."

"என்னங்க..."

"அவன் இங்க உட்கார்ந்துக்கிட்டு இருந்தப்பவே நான் பார்த்துட்டேன். பார்த்துட்டு பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்."

மேலே ஆபீஸில் பேச்சுச் சத்தம் நின்றது. திறந்திருந்த ஜன்னலில் மேனேஜரின் தலை தெரிந்தது. தையல்காரி கணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. அண்ணாந்து ஜன்னலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னான்.